இழிசனர் வழக்கும் நம்முடைய புதிய இலக்கியமும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வருடாவருடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "சேர், டாடாயிசம், சர்ரியலிசம், நவீனத்துவம் என்றெல்லாம் குறிப்பில் இருக்குது. இதெல்லாம் நமக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. பாரிஸில் பிறந்து, சென்னைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறியது என்பதுபோல்தான் பெரும்பாலான குறிப்புகள் இந்தக் கதையைச் சொல்கின்றன. அது பாதிக் கதை. மற்றப் பாதி இந்த நாட்டிலேயே நடந்தது. அதில் முஸ்லிம்களுக்கும் பெரிய பங்குண்டு.

முதலில் ஐரோப்பாவைச் சுருக்கமாகப் பார்ப்போம். 'அவாங் கார்ட்' என்பது படைத்துறைச் சொல். படைக்கு முன்னால் சென்று வழி பார்க்கும் அணிக்குப் பெயர் அது. 1909 பெப்ரவரியில் இத்தாலியரான மரினெட்டி பாரிஸ் பத்திரிகை ஒன்றில் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டார். பழையதை எல்லாம் உடை, நூதனசாலைகளை அழி, இயந்திரத்தைப் பாடு என்பது அதன் சாரம். 1916இல் முதலாம் உலக யுத்தத்தின் நடுவில் ஸூரிச் நகரில் டாடா பிறந்தது. 1924இல் அந்திரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை எழுதினார். இவர்கள் எல்லோரும் பழைய இலக்கியத்தை எதிர்த்தார்கள். ஆனால் அரசியலில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போனார்கள். மரினெட்டி முசோலினியோடு சேர்ந்தார். ருஷ்ய எதிர்காலவாதியான மாயாகோவ்ஸ்கி புரட்சியோடு நின்று 1930இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். பிரெத்தோன் 1927இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, சில வருடங்களில் வெளியேற்றப்பட்டார். ஆகவே வடிவத்தில் புதுமை செய்பவர் அரசியலிலும் நல்ல பக்கம் நிற்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

நம் பக்கத்துக் கதை லக்னோவில் தொடங்குகிறது. 1932 கடைசியில் அங்கே 'அங்காரே' என்ற உருதுத் தொகுப்பு வெளிவந்தது. சஜ்ஜாத் ஸஹீர், அஹ்மத் அலி, ரஷீத் ஜஹான், மஹ்மூதுஸ் ஸபர் என்ற நால்வர் எழுதியது. நால்வரும் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த இளைஞர்கள். ரஷீத் ஜஹான் ஒரு பெண் வைத்தியர். வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் நிலையையும், மதத்தின் பெயரால் நடந்த பாசாங்கையும் அந்தத் தொகுப்பு போட்டு உடைத்தது. அதன் சில பக்கங்கள் வேண்டுமென்றே சீண்டுவதற்காக எழுதப்பட்டவைதான். எதிர்ப்புக் கிளம்பியது. பள்ளிவாசல்களிலும் பத்திரிகைகளிலும் கண்டனம் வந்தது. 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு நூலைத் தடை செய்தது. ஆனால் அதே சஜ்ஜாத் ஸஹீர் முன்னின்று உழைக்க, 1936இல் லக்னோவில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் பிரேம்சந்த். தடை செய்யப்பட்ட ஒரு நூல் மூன்று வருடத்தில் ஓர் இயக்கமாகிவிட்டது.

அந்த அலைதான் 1954இல் கொழும்பில் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமானது. பிரேம்ஜி ஞானசுந்தரன் அதன் செயலாளராக நீண்டகாலம் உழைத்தார். கைலாசபதியும் சிவத்தம்பியும் அதன் விமர்சன முகங்கள். சிவத்தம்பி கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அதிபராக இருந்த காலம் அது. ஒரு முஸ்லிம் கல்லூரி கரவெட்டிப் பையனுக்கு இடம் கொடுத்தது. அவர் தமிழ் உலகத்துக்கே பேராசிரியரானார். இன்று பாடசாலைகளை இனத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கும் நாம் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கம் தோன்றி இரண்டு வருடத்தில் 1956 வந்தது. சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழ்மொழி அரசியல் மேடைக்கு ஏறியது. மொழியைக் காப்போம் என்று எல்லோரும் பேசிய அந்த நேரத்தில், எந்தத் தமிழைக் காப்பது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் முற்போக்கு எழுத்தாளர்கள். என் பார்வையில் அவர்கள் செய்த பெரிய காரியம் இதுதான்.

கைலாசபதி 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராக இருந்தார். ஈழத்து எழுத்தாளர்களுக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டார். கதைகளில் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு வந்தது. மட்டக்களப்புப் பேச்சு வந்தது. தோட்டத்துப் பேச்சு வந்தது. மீனவர் பேச்சு வந்தது. அதுவரை ஈழத்துக் கதைகளிலேயே பாத்திரங்கள் பல நேரம் சென்னைப் பத்திரிகைத் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தன.

பண்டிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. உயர்ந்தோர் பேசுவதே வழக்கு என்பது பழைய இலக்கண மரபு. அந்த மரபில் நின்று, இந்த எழுத்தை 'இழிசனர் வழக்கு' என்றார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆ. சதாசிவம் போன்றவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். அறுபதுகளின் முற்பகுதி முழுவதும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் 'மரபுப் போராட்டம்' நடந்தது. யாழ்ப்பாணத்தில் சாகித்திய மண்டல விழா ஒன்றில் கூழ்முட்டை எறியும் அளவுக்குச் சூடேறியது. முட்டை எறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 'இழிசனர்' என்ற சொல்லில் இருக்கும் எறியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அந்தச் சொல் ஒரு மொழிநடையை மட்டும் குறிக்கவில்லை, சில மனிதர்களையும் குறித்தது. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்தியவர். கத்தரிக்கோல் பிடித்த கையால் எழுதிய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசே கிடைத்தது. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதியவர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் களத்தில் நின்றவர். என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதையை ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். சமத்துவம் பேசும் ஒரு பெரிய மனிதரைப் பார்க்க ஒடுக்கப்பட்ட சாதியினர் வருகிறார்கள். அவர்களை வீட்டுக்குள் கூப்பிட மனமில்லை. வெளியே நிலா வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அங்கே போய்ப் பேசுவோம் என்று அழைத்துப் போகிறார். அவ்வளவுதான் கதை. கோஷம் கிடையாது. ஆனால் படித்து முடித்தால் நெஞ்சில் முள் நிற்கும். 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் நடந்த போராட்டத்துக்கு முன்பே இலக்கியத்தின் வாசலில் அந்தப் போராட்டம் தொடங்கிவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு இரவு நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்து வெங்காய லொறி, நுவரெலியா கரட் லொறி, கிழக்கிலிருந்து வரும் லொறி எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன் நாலைந்து வகைத் தமிழ் காதில் விழும். அதற்குள் நம்முடைய தமிழும் ஒன்று. 'வாப்பா வந்தீக்கி' என்கிற தமிழ். அதற்கும் ஒழுங்கு உண்டு. அதற்குள்ளும் வினையெச்சம் இருக்கிறது, கால இடைநிலை இருக்கிறது, மரியாதை இருக்கிறது. ஆனால் பாடசாலை வாசலில் அதைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி ஒரு போட்டிக்குச் சிறுகதை எழுதினாள். எந்தப் போட்டி, எந்த இடம் என்பது வேண்டாம். கதை சொல்லும் பகுதிகள் நல்ல எழுத்துத் தமிழில் இருந்தன. கதையில் வரும் மூத்தம்மா மட்டும் வீட்டில் பேசுவதுபோல் பேசினார். திரும்பி வந்த தாளில் மூத்தம்மாவின் ஒவ்வொரு வசனத்துக்குக் கீழும் சிவப்புக் கோடு. ஓரத்தில் 'கொச்சை' என்று ஒரு சொல். 1960களில் தீர்ந்துவிட்டதாக நாம் பாடம் நடத்தும் விவாதம் தீரவில்லை. சொல்தான் மாறியிருக்கிறது. அன்று இழிசனர், இன்று கொச்சை. அந்தப் பிள்ளை அடுத்த கதையில் மூத்தம்மாவையே வைக்கவில்லை. இலக்கிய வரலாற்றில் இப்படித்தான் மனிதர்கள் காணாமல் போகிறார்கள்.

சரி, அந்தப் பெரிய விவாதத்தில் முஸ்லிம்கள் எங்கே நின்றார்கள்? ஓரத்தில் நின்று பார்த்தார்கள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. சுபைர் இளங்கீரன் ஈழத்து முற்போக்கு நாவலின் முன்னோடிகளில் ஒருவர். 1961இல் அவர் நடத்திய 'மரகதம்' இதழில் தேசிய இலக்கியம் பற்றிய விவாதம் இடம்பெற்றது. இந்தியப் பத்திரிகைகளின் நகலாக இல்லாமல் இந்த மண்ணின் வாழ்க்கையை எழுதவேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. எச்.எம்.பி. முஹிதீன் சங்கத்தின் தூண்களில் ஒருவர். மறுபக்கமும் பாருங்கள். சங்கத்தோடு முரண்பட்டுப் பிரிந்த எஸ்.பொ.வின் நூல்களைத் துணிந்து அச்சிட்டவர் 'இளம்பிறை' ஆசிரியர் எம்.ஏ. ரஹ்மான். மஹாகவியின் 'குறும்பா' 1966இல் வந்ததும் அவருடைய அரசு வெளியீட்டின் மூலமாகத்தான். இன்னும் பின்னால் போனால், 1885இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதி ஈழத்துத் தமிழ் நாவலைத் தொடக்கிவைத்தவர் கண்டியின் அறிஞர் சித்திலெப்பை. புதிய வடிவம் நமக்கு அந்நியம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எஸ்.பொ. விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அவரும் ஆசிரியர். மட்டக்களப்பில் படிப்பித்தவர். 'தீ' என்ற நாவலில் பாலியலை வெளிப்படையாக எழுதினார். சங்கத்தினர் அதை ஆபாசம் என்றார்கள். பேச்சு வழக்கை எழுதினால் இழிசனர் என்ற பண்டிதர்களை எதிர்த்தவர்களே, உடலை எழுதியவரை ஆபாசம் என்றார்கள். 1963இல் எஸ்.பொ. பிரிந்தார். 'நற்போக்கு' என்று தன் பாதைக்குப் பெயர் வைத்தார். அவர் வாயும் சும்மா இருக்கவில்லை. திட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 1966இல் வந்த 'சடங்கு' நாவலில் யாழ்ப்பாணத்து நடுத்தர வீடொன்றின் உள்ளறையை அவர் எழுதியதுபோல் வேறு யாரும் எழுதவில்லை.

அதே காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ, பீகிங் என்று இரண்டாகப் பிளந்தது. எழுத்தாளர்களும் பிளந்தார்கள். ஒன்றாக எழுதத் தொடங்கிய ஜீவாவும் டானியலும் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். ஒரு கதை நல்லதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன், எழுதியவர் எந்த அணி என்று பார்க்கும் பழக்கம் வந்தது. புங்குடுதீவின் மு. தளையசிங்கம் இதைக் கடுமையாக விமர்சித்தார். அவரும் ஆசிரியர்தான். சோற்றுப் பிரச்சினை தீர்ந்தால் மனிதனின் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று ஆன்மிகத்தின் பக்கம் நின்று கேட்டார். 'மெய்யுள்' என்று ஒரு புதிய வடிவத்தையே தேடினார். முற்போக்காளர் சிலர் அவரைப் பிற்போக்கு என்று தள்ளினார்கள். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் குடிநீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகத் தன் ஊரில் சத்தியாக்கிரகம் செய்து பொலிஸிடம் அடிவாங்கியவர் அந்தத் தளையசிங்கம். 1973இல் முப்பத்தெட்டு வயதளவில் காலமானார். கட்சி அட்டையைப் பார்த்து முற்போக்கை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனப்பிரச்சினை முற்றியபோது சங்கம் 1975இல் கொழும்பில் தேசிய ஒருமைப்பாட்டு மாநாடு நடத்தியது. நல்ல நோக்கம். ஆனால் அதற்குள் இளைஞர்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வர்க்கம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற பதில் அவர்களுக்குப் போதவில்லை.

சிங்கள இலக்கியத்திலும் இதே நேரத்தில் இதே சண்டை நடந்தது. தம்புள்ளையில் வாழும் நாம் பக்கத்து வீட்டுக் கதையையும் அறிந்திருக்க வேண்டாமா? முனிதாச குமாரதுங்கவின் ஹெல இயக்கம் சமஸ்கிருதம் கலவாத தூய மொழியை வலியுறுத்தியது. நம்மூர்த் தனித்தமிழ் இயக்கத்தின் சகோதரன் என்று சொல்லலாம். 1956இல் சிறி குணசிங்க யாப்பை உடைத்துப் புதுக்கவிதைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். எலும்புக்கு இறைச்சியும் இரத்தமும் இல்லை என்ற பொருளில் அதற்குப் பெயர். அவர் மீதும் அம்புகள் பாய்ந்தன. அதே வருடம் சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் மேடையேறியது. அதைப் பார்த்த பேராசிரியர் வித்தியானந்தன், நம்முடைய கூத்தையும் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றலாம் என்று பேராதனையில் முயன்று வெற்றி கண்டார். சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே வருடத்தில் கலை இப்படி வேலி தாண்டியிருக்கிறது. நம் பாடநூல்கள் மொழிக்கு ஒன்றாகப் பிரிந்திருப்பதால் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

பிறகு வந்த காலம் நமக்கெல்லாம் தெரிந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அந்த எரிப்பைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கவிதையை எழுதியவர் கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான். அதே வருடம் அவருடைய 'பலஸ்தீனக் கவிதைகள்' மொழிபெயர்ப்பு நூல் வந்தது. ஈழத்து இளங்கவிஞர்கள் அதிலிருந்து ஒரு புதிய குரலைக் கற்றுக்கொண்டார்கள். நம் மாத்தளையிலும் அந்த வேலை நடந்தது. பண்ணாமத்துக் கவிராயர் என்ற எஸ்.எம். பாரூக், உலகக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்து 'காற்றின் மௌனம்' தந்தார்.

எண்பதுகளின் நடுவில் கிழக்கில் தமிழ் முஸ்லிம் உறவு முறிந்தபோது கல்முனையிலிருந்து சோலைக்கிளி எழுதினார். 'எட்டாவது நரகம்' 1988இல், 'காகம் கலைத்த கனவு' 1991இல் வந்தன. அவருடைய கவிதைகளில் பொருள்கள் இடம் மாறும், மிருகங்கள் பேசும், உலகம் தலைகீழாகும். விமர்சகர்கள் சர்ரியலிசம் என்றார்கள். பிரெத்தோனின் அறிக்கையைப் படித்துவிட்டு ஒருவர் அப்படி எழுதத் தேவையில்லை. இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கும் ஊரில் நேராகப் பேசமுடியாதவன் கனவு வழியாகத்தான் பேசுவான். ஊரடங்குச் சட்டமே அதற்குப் போதுமான ஆசிரியர்.

பெண்கள் அடுத்த வாசலைத் திறந்தார்கள். 1986இல் யாழ்ப்பாணத்தில் 'சொல்லாத சேதிகள்' வந்தது. இன்று நம் தம்புள்ளை குருநாகல் வீதியிலேயே, மெல்சிரிபுரவிலிருந்து பஹீமா ஜஹான் எழுதுகிறார். அவரும் ஆசிரியர். அவருடைய 'ஒரு கடல் நீரூற்றி' தமிழ்நாட்டில் வெளியிடப்பட்டது. லக்னோவில் ரஷீத் ஜஹான் தொடங்கிய கேள்விகளை இங்கே இன்னொரு பெண், சீண்டல் இல்லாமல், நிதானமான குரலில், ஆனால் அதே உறுதியோடு கேட்கிறார்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் புரிவது ஒன்றுதான். நம் நாட்டில் முன்னணிப் படையாக நின்றவர்கள் விசித்திரமான வடிவத்துக்காக எழுதவில்லை. இலக்கியத்துக்குள் வர அனுமதியில்லாத ஒருவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்கள். புதிய வடிவம் அதன் பின்னால் வந்தது. பண்டிதர் மறித்தபோது ஜீவாவும் டானியலும் வந்தார்கள். பின்னர் கட்சி மறித்தபோது எஸ்.பொ.வும் தளையசிங்கமும் வெளியே நின்று எழுதினார்கள். தமிழ்த் தேசியம் முஸ்லிமை வெளியே நிறுத்தியபோது சோலைக்கிளி வந்தார். நம் சமூகமும் சில குரல்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. அதையும் மறைக்கத் தேவையில்லை. அரசியல் வேண்டாம், இலக்கியம் தூய்மையாக இருக்கட்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரசியல் இல்லாமல் அந்த முதல் கதவே திறந்திருக்காது. கதவைத் திறந்தவரே பிறகு காவற்காரராகும்போதுதான் பிரச்சினை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துத் தமிழைக் கண்டிப்பாகப் படிப்பியுங்கள். பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் அது தேவை. ஆனால் ஒரு பாத்திரம் பேசும்போது அதன் வீட்டுப் பேச்சை வெட்டாதீர்கள். 'கொச்சை' என்று எழுதும் முன் 1960களின் அந்த விவாதத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மாத்தளை மாவட்டத்து நண்பர்களுக்கு இன்னொன்று. உங்கள் வாப்பாமார், அப்பாமார் சேர்த்துவைத்த பழைய 'மல்லிகை', 'இளம்பிறை', 'மரகதம்' இதழ்கள் அலுமாரியிலோ பரணிலோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். நூலகம் நிறுவனத்தார் இப்படிப்பட்டவற்றை எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறார்கள். கறையான் தின்னும் முன் ஒருமுறை அலுமாரியைத் திறந்து பாருங்கள்.